ஞாயிறு ஓய்வா, மூவேளை ஜெபமா, ஏற்காட்டுத் தனிமையா: அவசரம் குறைய எதை முதலில் எடுப்பது?

சேலத்தில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் அன்றாட ஓட்டத்தைக் குறைத்து, ஆண்டவரோடு இருக்கும் நேரத்துக்கு ஒரு நிலையான ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ள விரும்பினால், அதன்முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையை முழுமையான ஓய்வுநாளாக அனுசரிக்கலாம். நாள்தோறும் குறித்த வேளைகளில் ஜெபிக்கலாம். மாதத்துக்கு ஒரு நாள், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஏறித் தனித்திருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட தியானத்துக்குப் போகலாம். நான்குமே திருச்சபையின் நெடுங்கால வழக்கத்தில் வேரூன்றியவைதான். ஆனால் புத்தாண்டு ஆராதனை முடிந்த வேகத்தில் நான்கையும் சேர்த்துத் தொடங்குகிறவர்கள், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வருவதற்குள் நான்கையும் கைவிட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. எனவே எது சிறந்தது என்பதைவிட எதை முதலில் எடுப்பது என்பதைத்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்திலும், ஷிப்டு மாறிய வாரத்திலும், ஊரில் துக்கம் நடந்த வாரத்திலும் அந்த ஒழுங்கு தாக்குப்பிடிக்குமா என்பது ஓர் அளவுகோல். நான் நிதானமாக இருப்பதற்காக வேறு யார் ஓடவேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. எனக்கு இதுவே முக்கியமானதாகப் படுகிறது. பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறவேண்டும் என்று கட்டளையிடுகிறது. மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுத் தலைவன் மட்டும் சாய்வு நாற்காலியில் வேதம் வாசிப்பதற்கான நாளாக அது கொடுக்கப்படவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம்முடைய ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகிறது. சபையில் பொறுப்புள்ள ஒரு குடும்பத்துக்கு வாரத்திலேயே அதிக வேலையுள்ள நாள் அதுதான். காலை ஆராதனைக்கு முன்பே ஞாயிறு பள்ளி, ஆராதனைக்குப்பின் பாடகர் குழுப் பயிற்சி, அது முடிந்தால் கமிட்டிக் கூட்டம், மாலையில் வாலிபர் கூடுகை அல்லது யாராவது ஒருவர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். இவற்றுக்கு நடுவில் சமையல் இருக்கிறது. ஞாயிறு என்றால் கறிக்குழம்பு என்பது மதம் கடந்த சேலத்து வழக்கம். ஆகவே விடியற்காலையிலேயே கறிக்கடைக்கு ஓர் ஆள் ஓடுகிறார். வீட்டில் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டே பிள்ளைகளைக் குளிக்க விரட்டுகிறார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அவருக்கு இன்னும் தலை வாரி முடியவில்லை. ஆலயத்துக்குள் நுழையும்போது முதல் ஞானப்பாட்டின் கடைசிச் சரணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஒருவர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அம்மாவாகவே இருக்கிறார். அவரிடம் போய் ஓய்வுநாளின் அருமையை எடுத்துச் சொல்வது நியாயமாகாது.

இதற்கு மாற்றாக வெளியே சொல்லி வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சமையலறையின் சுமை உண்மையாகவே குறைகிறது. ஆனால் அது உணவகத்து அடுப்பங்கரைக்கும், வெயிலில் நம் தெருவைத் தேடிக்கொண்டு வண்டியில் வரும் இளைஞனுக்கும் கைமாறுகிறது. இதைக் குற்றமென்று சொல்லித் தடைசெய்ய எனக்கு விருப்பமில்லை. மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, பிரியாணியை வைத்துப் புதிய நியாயப்பிரமாணம் எழுதவேண்டியதில்லை. ஆனாலும் வாரந்தோறும் அதுவே வழக்கமாகிவிட்டால், நம் ஓய்வு வேறொருவருடைய ஞாயிற்றின்மேல் நிற்கிறது என்பதையாவது அறிந்திருக்கவேண்டும்.

முழு ஓய்வுநாளைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நடைமுறை வழி, அதைச் சனிக்கிழமை மாலையில் தொடங்குவதாகும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நாள் என்பது சாயங்காலமும் விடியற்காலமுமாகவே எண்ணப்படுகிறது. யூதர்கள் இன்றும் ஓய்வுநாளை முந்தின நாள் சூரியன் மறைவதிலிருந்தே அனுசரிக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் மாவு அரைத்து, இரவில் ஒரு புளிக்குழம்பை எல்லாரும் சேர்ந்து வைத்துவிட்டால் (அது மறுநாள்தான் ருசிக்கும் என்பது நமக்கு வசதி), ஞாயிறு காலைக்கு இட்லியும் மதியத்துக்குச் சோறும் ஓர் அப்பளமும் போதும். கறி வேறு எந்த நாளிலும் வாங்கலாம். இந்தச் சிறிய மாற்றத்துக்கு வீட்டில் எழும் எதிர்ப்பைப் பார்த்தால், ஓய்வுநாளைவிட ஞாயிற்றுக் கறியே நமக்குப் பழமையான பிரமாணம் என்று தோன்றும்.

ஆனாலும் இந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இரும்பாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறவருக்கும், அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும், ரயில்வே ஊழியருக்கும் வார ஓய்வு ஞாயிற்றில்தான் விழும் என்ற உறுதி இல்லை. இது நம் காலத்தின் புதிய சிக்கலும் அல்ல. கி.பி. 321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வுக்கு ஆணையிட்டபோதே, நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழில் செய்வோரும் ஓய்ந்திருக்கவேண்டும் என்றும், நாட்டுப்புறத்து உழவர்கள் விதைப்புக்கும் நடவுக்கும் உரிய வேளை தவறாதபடி வயல்வேலை செய்துகொள்ளலாம் என்றும் அதில் விலக்கு இருந்தது. ஒரே நாளில் எல்லாரும் ஓய்வது ஆரம்பத்திலிருந்தே நகரத்தாரின் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. ஷிப்டுக் குடும்பங்கள் ஞாயிறு ஆராதனைக்கு முடிந்தபோது வந்துவிட்டு, இளைப்பாறும் நாளை வாராந்தர விடுமுறைக்கு மாற்றிக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால் கணவனுக்கு விடுமுறை செவ்வாயிலும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றிலும் வந்தால், குடும்பம் சேர்ந்து இளைப்பாறுவது என்ற பயன் பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

வேளை தவறாத ஜெபம் என்ற வழியை நம்மில் பலர் துறவிகளுக்கு உரியது என்றோ, கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அது சரியல்ல. தானியேல் தன் மேலறையின் பலகணிகள் எருசலேமுக்கு நேராகத் திறந்திருக்க, நாளொன்றுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அந்திசந்தி மத்தியான வேளைகளில் முறையிடுவேன் என்று 55-ஆம் சங்கீதம் சொல்கிறது. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்குநூல்களில் ஒன்றான திதாகே, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குப் பணிக்கிறது. அங்கே துறவிகளைப் பற்றிய பேச்சே இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு இரவும் பகலுமாக எட்டு வேளைகளை வகுத்தார். 1549-இல் இங்கிலாந்துச் சபையின் பொது ஜெபப் புத்தகத்தைத் தொகுத்த கிரான்மர், அந்த எட்டையும் காலை ஜெபம், மாலை ஜெபம் என்ற இரண்டாகச் சுருக்கி, ஊரார் அனைவரும் கலந்துகொள்ளக்கூடியதாக ஆக்கினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த ஆங்கிலிக்க மரபும் அதில் கலந்தது. சேலம் நகரத்துக்குச் சுவிசேஷத்தை 1827-இல் கொண்டுவந்தது லண்டன் மிஷனரி சங்கம். அது எழுதிவைத்த கட்டளை ஜெபங்களைவிட மனம்திறந்த ஜெபத்தையும் குடும்ப ஜெபத்தையும் வலியுறுத்திய மரபு. ஆகவே நம் வீடுகளில் இரவுக் குடும்ப ஜெபம் வேரூன்றியது. காலையும் நண்பகலும் விட்டுப்போயின என்பது என் ஊகம். கத்தோலிக்கச் சகோதரர்கள் காலை, நண்பகல், மாலை என்று ஆலயமணி ஒலிக்கச் சொல்லும் மூவேளைச் செபமும் இதே ஒழுங்கின் இன்னொரு வடிவம்தான்.

இந்த வழியின் பெரிய நன்மை, அது யார் தலையிலும் சுமையை ஏற்றுவதில்லை என்பது. இரண்டு நிமிடம் நின்று கர்த்தருடைய ஜெபத்தையும் ஒரு சங்கீத வசனத்தையும் சொல்வதற்கு யாரும் நமக்காகச் சமைக்கவேண்டியதில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவேண்டியதில்லை. அதே சமயம் அது எல்லாத் தொழிலுக்கும் ஒரேபோல் பொருந்தும் என்று சொல்லவும் முடியாது. சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் பொடிவைத்து ஊதிப் பற்றவைத்துக்கொண்டிருப்பவர், பகல் பன்னிரண்டு ஆகிவிட்டதென்று ஊதுகுழலைக் கீழே வைக்க முடியாது, வெள்ளி காத்திருக்காது. அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு வேலையின் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு ஜோடி முடிந்து அடுத்ததை எடுப்பதற்கு முன் உள்ள சில கணங்கள், சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதற்கு முன் உள்ள ஒரு நிமிடம், மாலையில் கைகழுவும் நேரம் ஆகிய மூன்றும் அவருக்கு மூவேளையாகும். அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். கைப்பேசியில் மணி வைத்தால், அதை அணைக்க எடுத்த கை வாட்ஸ்அப்புக்குள் போய்விடும். ஜெபம் அதன்பின் எங்கே இருக்கிறது? வண்டிச் சாவியைத் துளையில் போடுவதற்கு முன் என்று வைத்துக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை.

இரவு வேளைக்குக் குடும்ப ஜெபம் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில், அதோடு பத்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை அது: முதலில் நன்றி, பின் வெளிச்சத்துக்காக ஒரு விண்ணப்பம், காலையிலிருந்து நடந்ததை மெதுவாக நினைத்துப் பார்த்தல், மன்னிப்பு கேட்டல், நாளைக்கு ஒரு தீர்மானம். எங்கே அவசரப்பட்டோம், யாரிடம் அந்த அவசரத்தைக் காட்டினோம் என்பது இதில்தான் முதன்முதலில் கண்ணில் படுகிறது. வாழ்க்கை நிதானமாவதற்கு முன்னரே அவசரத்தின் முகவரி தெரிந்துவிடுவது ஒரு பெரிய லாபம். தூக்கம் கண்ணைச் சொக்கும் வீடுகளில் இதை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

இதன் குறையையும் மறைக்கவேண்டியதில்லை. மூவேளை ஜெபம் வேலையின் அளவைக் குறைப்பதில்லை. ஓய்வுநாள் ஒரு முழு நாளின் உழைப்பை எடுத்து அப்பால் வைக்கிறது. மூவேளை ஜெபமோ பதினான்கு மணிநேர ஓட்டத்துக்கு நடுவில் மூன்று நிறுத்தங்களை வைத்துவிட்டு ஓட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறது. சில மாதங்களில் அது வாய்ப்பாடாகவும் மாறக்கூடும். உடம்பு உண்மையாகவே களைத்துப்போன ஒருவருக்கு, இன்னும் மூன்று கடமைகளைச் சேர்த்துக்கொள் என்று சொல்வதைவிட, சனிக்கிழமை சீக்கிரம் தூங்கு என்று சொல்வதே ஆவிக்குரிய ஆலோசனையாக இருக்கும்.

மூன்றாவது வழி மலை. சேலத்தாருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த கொடை என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டு பேருந்து ஏறியவர் மேலே இறங்கும்போது சால்வையைத் தேடுகிறார். மலைமேல் மிஷனரிகளும் துறவற சபையினரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆலயங்களையும் கன்னியர் மடங்களையும் பள்ளிகளையும் நிறுவிவந்திருக்கிறார்கள். வேதப்புத்தகம், ஒரு நோட்டு, மதியத்துக்குக் கட்டுச்சோறு ஆகியவற்றோடு ஒரு நாளைப் பேசாமல் கழிப்பதற்கு இதைவிடத் தோதான இடம் நம் மாவட்டத்தில் இல்லை.

ஆனால் எந்த நாளில் போகிறோம் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா ஆகிய நாட்களில் ஏற்காடு ஏரிக்கரையில் கூட்டம் நிரம்பிவழிகிறது. தனிமையைத் தேடிப்போனவர் படகுத்துறை வரிசையையும் மிளகாய் பஜ்ஜிக் கடையையும் சுற்றிவிட்டு மாலைப் பேருந்தில் நின்றுகொண்டே இறங்கவேண்டியிருக்கும். மேலும் மலை அமைதியானது என்பது கீழிருந்து போகிறவர்களின் பார்வை. அறுவடை மாதங்களில் காப்பித் தோட்டங்களில் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, ஒரே கிளையில் சிவந்த பழத்தை மட்டும் கிள்ளி, பச்சையை அடுத்த சுற்றுக்கு விட்டுவிட்டு, செடிசெடியாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு அது ஆண்டின் மிக நெருக்கடியான பருவம். தோட்டத் தொழிலாளருக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு கிடைக்க 1951-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வழிசெய்யவேண்டியிருந்தது என்பதை, அவர்கள் பறித்த காப்பியைக் குடித்துக்கொண்டே இளைப்பாறுதலைப் பற்றித் தியானிக்கிறவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், போஜனம்பண்ணவும் சமயமில்லாதிருந்த சீஷர்களை நோக்கி, வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள் என்று ஆண்டவர் அழைக்கிறார். தியான நாட்களின் அழைப்பிதழ்களில் இந்த வசனம் தவறாமல் இடம்பெறும். அடுத்து வரும் வசனங்களை யாரும் அச்சிடுவதில்லை: ஜனங்கள் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், ஆண்டவரோ எரிச்சல்படாமல், மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் இருந்த அவர்கள்மேல் மனதுருகி, அவர்களுக்குப் போதிக்கத் தொடங்குகிறார். திட்டமிட்ட ஓய்வு கலைந்துவிட்டது. மலைக்குப் போகும் வழியில் நம் ஒழுங்கு கலையும்போது நமக்குள் எழும் கோபம், அந்த ஒழுங்கு யாருக்காக இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலைவழியின் செலவு பேருந்துக் கட்டணம் அல்ல. அது மிகச் சிறியது. ஒரு நாள் விடுப்பும், அன்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவரும்தான் செலவு. பெரும்பாலான வீடுகளில் அப்பா தியானத்துக்குப் போவார், அம்மா டிபன் கட்டிக்கொடுப்பார். என் அளவுகோலின்படி இது தோல்வி. ஒரு மாதம் அவர், மறுமாதம் இவர் என்று முறைவைத்துக்கொண்டு, அம்மா மலையேறும் நாளில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதும் மதியச் சாப்பாடும் அப்பாவின் பொறுப்பு என்று முடிவுசெய்துகொள்ள முடியாத குடும்பம், இந்த வழியைத் தொடாமலிருப்பதே மேல்.

ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட தியானம் என்ற நான்காம் வழியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது ஆழமானது, ஆனால் தொடக்கக்காரருக்கு உரியது அல்ல. எட்டு நாள் மௌனத்துக்குப் போய்விட்டு வருகிறவர், வீட்டில் எந்த அன்றாட ஒழுங்கும் இல்லாவிட்டால், ஒன்பதாம் நாள் பழைய ஓட்டத்தில் அப்படியே விழுந்துவிடுகிறார். போகத் தகுந்த இடங்கள் நமக்குத் தொலைவில் இல்லை. 1921-இல் மருத்துவர்களான ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் ஜோலார்பேட்டை ரயில்பாதையிலேயே இருக்கிறது. 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் நிறுவப்பட்ட சாந்திவனம் ஆசிரமத்துக்கு நாமக்கல் வழியாகப் போகலாம். விடுப்பே எடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு மாற்று உண்டு: இஞ்ஞாசியாரின் முப்பது நாள் ஆன்மிகப் பயிற்சிகளைத் தொழிலையும் பொறுப்புகளையும் விட்டுவர இயலாதவர்கள், நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தபடியே பல மாதங்களில் செய்யலாம் என்று அவரே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். வழிகாட்டி ஒருவர் இல்லாமல் அதில் இறங்கவேண்டாம்.

ஆகவே என் தேர்வு இதுதான். வீட்டில் யாராவது ஒருவருக்கு ஷிப்டு வேலை இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ, முதியவர் ஒருவர் படுக்கையில் இருந்தாலோ, வேளை தவறாத ஜெபத்தில் தொடங்குங்கள். மோசமான வாரத்தில் உடையாமல் நிற்பது அது ஒன்றுதான். ஞாயிறு உறுதியாக விடுமுறையாக இருக்கும் ஆசிரியர், வங்கி ஊழியர் வீடுகளில், சனிக்கிழமை மாலையில் தொடங்கும் ஓய்வுநாளை முதலில் எடுங்கள். ஆனால் சமையலைப் பற்றியும், சபைப் பொறுப்புகளில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றியும் வீட்டாரோடு பேசி முடிவெடுத்த பிறகே தொடங்குங்கள். மூன்று பொறுப்புகள் இருந்தால் ஒன்றை அடுத்த வருடம் வேறொருவர் செய்யட்டும். பாடகர் குழு நின்றுபோகாது. மலையை இவ்விரண்டில் ஒன்று பழக்கமான பிறகு, வேலைநாள் ஒன்றில், முறைவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தனியாக வாழ்கிறவர்களுக்கும், ஓய்வுபெற்றவர்களுக்கும் மட்டும் மலையையே முதல் வழியாகச் சொல்லத் துணிவேன். தனியாக இருப்பதற்கு அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் ஆயர்களும் உபதேசியார்களும் எங்கும் பொருந்தமாட்டார்கள். ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள். சனிக்கிழமை பிரசங்க ஆயத்தத்திலும் திருமண ஆராதனைகளிலும் போய்விடுகிறது. சில சபைகளில் திங்கட்கிழமையை அவர்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் இல்லாத சபைகளில் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே இதை ஒரு பொருளாகச் சேர்க்கலாம்: துக்கவீடும் மருத்துவமனையும் தவிர வேறெதற்கும் திங்களன்று ஆயர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை என்றும், கையெழுத்து வேண்டிய சான்றிதழ்கள் செவ்வாய்வரை காத்திருக்கும் என்றும் எழுதி, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம்.